கண்ணுக்கு வேலையில்லாத கணினி விளையாட்டு

விளையாட்டுப் பாடவேளைக்கு மணி அடித்ததும் வகுப்பே மைதானத்துக்கு ஓடுகிறது. அந்த வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் இருந்தால், அவர் பெரும்பாலும் மரத்தடிக்குப் போகிறார். அல்லது எல்லோருடைய பைகளுக்கும் காவலாக வகுப்பறையிலேயே உட்கார்ந்துவிடுகிறார். கணினி ஆய்வகத்திலும் ஏறக்குறைய இதே நிலைதான். மற்றவர்கள் சுட்டியைப் பிடித்து எதையோ சொடுக்கிச் சிரிக்கிறார்கள். இவர் பக்கத்து நாற்காலியில் இருந்து அந்தச் சிரிப்பைக் கேட்கிறார்.

உள்ளடக்கிய கல்வி பற்றிப் பேசும்போது பிரெய்ல் புத்தகம், உதவித்தொகை, தேர்வில் சொல்வதை எழுதுபவர் ஆகியவற்றை நாம் மறப்பதில்லை. விளையாட்டுதான் பட்டியலில் கடைசிக்குப் போய்விடுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அப்படி ஒதுக்கவில்லை. கல்வி நிறுவனங்களின் கடமைகளைச் சொல்லும் 16ஆம் பிரிவு, பாகுபாடில்லாத சேர்க்கையைச் சொல்லும் அதே வரியிலேயே, மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. ‘சமமாக’ என்ற சொல்தான் நமக்குச் சிக்கல். எப்படிச் சமமாக?

பார்வையற்றோர் ஆடும் விளையாட்டுகளுக்குப் பஞ்சமில்லை. உள்ளே மணிகள் குலுங்கும் பந்தைக் கொண்டு ஆடும் கிரிக்கெட்டுக்கு 1998இல் புதுதில்லியில் உலகக் கோப்பையே நடந்தது. சதுரங்கத்தில் கறுப்புக் கட்டங்கள் சற்று உயர்ந்தும், காய்கள் துளையில் செருகி நிற்கும்படியும் உள்ள பலகை உண்டு. பல்லாங்குழிக்கு அதுகூட வேண்டாம். விரல் நுனியே போதும். ஆனால், கிரிக்கெட்டுக்குத் தனிப் பந்தும் தனி விதியும் ஓர் அணியும் தேவை. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரே ஒரு மாணவர் பார்வையற்றவர் என்றால் அணிக்கு எங்கே போவது? எந்த விதியையும் மாற்றாமல், யாரும் விட்டுக்கொடுக்காமல், பார்வையுள்ளவரும் இல்லாதவரும் ஒரே களத்தில் மோதக்கூடிய கணினி விளையாட்டு ஒன்று ஏறக்குறைய அரை நூற்றாண்டாக இருந்துவருகிறது. ஆசிரியர்களில் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

எழுத்தாலேயே ஆடும் ஆட்டம் அது. 1970களின் கணினிகளில் படங்களைக் காட்டி ஆடும் வசதி அரிது. எழுத்து மட்டுமே வரும். குகைகளில் ஏறி இறங்குவதில் ஆர்வம் கொண்ட வில் கிரௌதர் என்ற அமெரிக்க நிரலர், 1970களின் நடுவில் ஒரு குகையைச் சொற்களால் கணினிக்குள் கட்டினார். ‘நீங்கள் இந்த இடத்தில் நிற்கிறீர்கள், இன்னின்ன பக்கம் வழி உண்டு’ என்று கணினி எழுதும். ஆடுபவர் தட்டச்சு செய்து பதில் சொல்வார். அது தனியாள் ஆட்டம். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்களான ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் ஒரே சொல்லுலகத்துக்குள் பலர் ஒரே நேரத்தில் உலவும்படி ஓர் ஆட்டத்தை உருவாக்கினார்கள். அதன் பெயர் ‘மட்’. இன்று இவ்வகை ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் அதுவே பொதுப்பெயர்.

பின்னர் படம் வந்தது, முப்பரிமாணம் வந்தது, கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. போகாமல் இருந்தவர்களில் பார்வையற்றவர்கள் கணிசமானவர்கள். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கித் தரும் திரைவாசிப்பான் மென்பொருள் வந்தபோது, இந்த ஆட்டங்கள் ஒரு வரிகூட மாறாமல் அவர்களுக்குத் திறந்துகொண்டன. இவை யாரும் பார்வையற்றோருக்கென்று உருவாக்கியவை அல்ல. ஆட்டத்தில் எல்லோருக்கும் ஒரே இருட்டு. எழுத்து சொல்வதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. 1995 முதல் இணையத்தில் இயங்கும் ‘ஆல்டர் ஏயான்’ என்ற ஆட்டத்தில் இன்று பார்வையற்ற ஆட்டக்காரர்கள் பெருமளவில் இருக்கிறார்கள். எதிரே நிற்பவருக்குப் பார்வை உண்டா இல்லையா என்பது, அவராகச் சொன்னால் ஒழியத் தெரியாது.

இதை மாணவருக்கு அறிமுகப்படுத்த நேராகக் கணினிக்குப் போக வேண்டியதில்லை. முதல் வாரம் வாயாலேயே ஆடலாம், அதுவும் வகுப்பு முழுவதையும் சேர்த்துக்கொண்டு. அதற்கு ஓர் உலகம் வேண்டும். மந்திரவாளும் நெருப்புக் கக்கும் பறவையும் இணையத்தில் நிறையக் கிடைக்கும். வகுப்பறைக்கு நம் வரலாற்றுப் பாடத்திலிருந்தே ஓர் உலகத்தை எடுக்கலாம். நான் பரிந்துரைப்பது திருமுக்கூடல்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஒரு பள்ளி, மாணவர்களுக்கு விடுதி, ஒரு மருத்துவமனை ஆகியவற்றுக்கான செலவை அது விரிவாகப் பேசுகிறது. மருத்துவமனைக்கு ஆதுலசாலை என்று பெயர். படுக்கைகள் 15. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவருவோர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர் என்று பணியாளர்கள் வரிசையாக வருகிறார்கள். விடுதி மாணவர்கள் சனிக்கிழமை தலை முழுகுவதற்கு எண்ணெய் கொடுத்ததையும் கல்வெட்டு விட்டுவைக்கவில்லை! ஆட்டத்துக்கு இதைவிட நல்ல உலகம் வேண்டுமா? பாத்திரங்கள் தயாராக நிற்கிறார்கள். எந்தக் கட்டடம் எந்தத் திசையில் இருந்தது என்பதை மட்டும் நாம் கற்பனையாக வைத்துக்கொள்ள வேண்டும். அது கற்பனை என்பதை மாணவர்களிடமும் சொல்லிவிட வேண்டும்.

எட்டு அட்டைகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அட்டை ஓர் இடம்: ஆற்று மணல், மூலிகைத் தோப்பு, கோயில் வாசல், மண்டபம், பள்ளி, விடுதி, ஆதுலசாலை, மருந்தறை. ஒவ்வோர் அட்டையிலும் மூன்று செய்திகள் மட்டும் இருக்கட்டும்: இடத்தைப் பற்றி இரண்டு வரி, எந்தெந்தத் திசையில் வழி உண்டு, அங்கே என்ன பொருள் அல்லது யார் இருக்கிறார்கள். எடுத்துக்காட்டாக:

‘ஆதுலசாலை. கஷாயம் கொதிக்கும் வாசனை. வரிசையாகப் படுக்கைகள், யாரோ முனகும் ஓசை. வடக்கே மண்டபம், கிழக்கே மருந்தறை. மருத்துவர் இங்கே நிற்கிறார். விளக்கு அணைந்திருக்கிறது.’

வருணனை எழுதும்போது ஒலி, மணம், தொடுஉணர்வு மூன்றும் கட்டாயம் வர வேண்டும். அதற்காக நிறத்தை அடியோடு விலக்க வேண்டாம். ‘சிவப்பு’ என்ற சொல் பார்வையற்ற மாணவருக்கும் சொந்தமானதுதான். வழி கண்டுபிடிக்க நிறம் மட்டுமே குறிப்பாக அமைந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஆசிரியர் இங்கே கணினி. அட்டையில் உள்ளதை மட்டுமே சொல்வார். நான்கு மாணவர்கள் ஆடுபவர்கள், ஒவ்வொருவரும் தம் முறைக்கு ஒரே ஒரு கட்டளை சொல்லலாம்: ‘வடக்கே போ’, ‘பார்’, ‘எண்ணெயை எடு’, ‘மருத்துவரிடம் கொடு’, ‘என்னிடம் என்ன இருக்கிறது?’. ஒருவர் ஒரு நேரத்தில் ஒரே பொருளைத்தான் சுமக்கலாம். தனியாக யாரும் வெல்ல முடியாமல் செய்வது இந்த விதிதான். ஒருவர் இருக்கும் இடத்தின் வருணனை அவருக்கும், அதே இடத்தில் நிற்பவர்களுக்கும் மட்டுமே. எனவே மற்றவர்களுக்கு அதைச் சொல்லியாக வேண்டும். கையால் காட்டக் கூடாது, ‘அங்கே’, ‘இந்தப் பக்கம்’ என்று சொல்லக் கூடாது. பார்வையுள்ள மாணவர்கள் திணறப்போவது இங்கேதான். ‘இதோ’ என்று சொல்லாமல் இரண்டு நிமிடம் பேசுவது அவர்களுக்கு எவ்வளவு கடினம் என்று பாருங்கள். நடந்த வழியை நினைவில் வைப்பது அன்றாட வேலையாக உள்ள மாணவர் இங்கே மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் நிற்க வாய்ப்புண்டு.

கதைக்குச் சிக்கல் ஒன்று வேண்டும். இரவு. ஆதுலசாலையில் விளக்குக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது. நோயாளிக்கு வேண்டிய மூலிகையோ தோப்பில் இருக்கிறது. எண்ணெய் வேறெங்கும் இல்லை. விடுதியில், சனிக்கிழமை தலைமுழுக்குக்கு வைத்த சாடியில் இருக்கிறது. விடுதி மாணவராக ஆடும் பிள்ளை அதைக் கொடுப்பாரா? எடுத்துக்கொண்டு ஓடலாமா, கேட்டுத்தான் எடுக்க வேண்டுமா? பாடவேளை போதாது, அடுத்த வாரமும் தொடர்வோம் என்று கேட்பார்கள். காஞ்சிபுரம் பக்கத்து மாணவர்கள் என்றால், பொங்கலை ஒட்டிய பார்வேட்டை விழாவுக்கு வரதர் ஆற்றைக் கடந்து வருவதையும் அதில் சேர்க்கச் சொல்வார்கள். சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரைபடம் இல்லாமல் இவ்வகை ஆட்டம் நடக்காது. பார்வையுள்ளவர்கள் தாளில் கட்டம் போட்டுக்கொள்வார்கள். பார்வையற்ற மாணவருக்கு ஓர் அட்டையில் புளியங்கொட்டைகளை ஒட்டினால் அவை இடங்கள். கொட்டைக்குக் கொட்டை நூலை ஒட்டினால் அது வழி. தறி உள்ள வீட்டுப் பிள்ளைகள் மிச்ச நூலைக் கொண்டுவந்து குவித்துவிடுவார்கள். அட்டையின் வடக்கு மூலையை வெட்டி அடையாளம் செய்ய மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அட்டையை யாராவது திருப்பி வைத்ததும் ஆறு தெற்கே போய்விடும். சில வாரங்களில் அந்த மாணவர் அட்டையைத் தொடாமலே ஆடத் தொடங்கலாம். அப்போது கணினிக்குப் போகலாம்.

கணினியில் முதல் தேவை திரைவாசிப்பான். விண்டோஸ் கணினி என்றால் என்விடிஏ. பார்வையற்ற ஆஸ்திரேலியரான மைக்கேல் கரன் 2006இல் எழுதத் தொடங்கியது, முற்றிலும் இலவசம். நிறுவ அனுமதி இல்லாத ஆய்வகக் கணினியிலும், பென்டிரைவில் இருந்தே இயக்கும் வடிவம் உண்டு. அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் பேசும். இயந்திரத்தனமாகத்தான் இருக்கும், காது பழகிவிடும். லினக்ஸ் கணினி என்றால் ஓர்கா. உபுண்டுவில் சூப்பர், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது பேசத் தொடங்கும். எதுவும் இல்லாத அவசரத்துக்கு விண்டோஸிலேயே நரேட்டர் உள்ளது. விண்டோஸ் விசை, கன்ட்ரோல், என்டர் மூன்றும் சேர்ந்து அதை எழுப்பும்.

என்விடிஏயில் மாணவர் முதலில் கற்க வேண்டியது, பேச்சை நிறுத்துவது. கன்ட்ரோல் விசையைத் தொட்டால் போதும். இது தெரியாதவரைக்கும் குரல் கொட்டிக்கொண்டே இருக்கும், பிள்ளை மிரண்டுவிடும். அடுத்தது, இன்சர்ட் விசையுடன் 2. தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் சொல்வதை அது நிறுத்தும் அல்லது தொடங்கும். தட்டச்சு பழகும்வரை எழுத்தைச் சொல்லட்டும்; பழகியபின் நிறுத்திவிடலாம். மூன்றாவது, இன்சர்ட்டுடன் 5. திரையில் புதிதாக வரும் எழுத்தைத் தானாகப் படிக்கச் செய்வது இதுதான். ஆட்டம் ஓடுகிறது, குரல் மட்டும் வரவில்லை என்றால் முதலில் இதைச் சரிபாருங்கள். குறைப்பார்வை உள்ள மாணவருக்கு இவை எதுவுமே தேவைப்படாமல் போகலாம். எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வைத்தாலே பலருக்குப் போதும்.

ஆட்டத்துடன் இணைக்கத் தனி மென்பொருள் வேண்டும். மட்லெட், மஷ்கிளையன்ட் இரண்டும் இலவசம். மட்லெட்டின் அண்மைப் பதிப்புகள் திரைவாசிப்பானுடன் ஒத்துப்போகின்றன. மஷ்கிளையன்ட்டுக்குப் பேச்சுக்கான துணைநிரல் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மஷ்கிளையன்ட்டில் சிலர் ஒலித்தொகுப்பும் சேர்த்துக்கொள்கிறார்கள்: ‘வாள் மோதியது’ என்ற வரி வந்ததும் உலோக ஓசை கேட்கும். முதல் மாதத்துக்கு அது வேண்டாம் என்பேன். குரலும் ஓசையும் சேர்ந்தால் காது எதைப் பிடிப்பது? ஆட்டத்தின் முகவரியையும் இணைப்பு எண்ணையும் இந்த மென்பொருளில் கொடுத்தால் இணைந்துவிடும். பள்ளி இணையம் வழக்கமான வலைப்பக்கங்களைத் தவிர மற்ற இணைப்புகளைத் தடுத்திருக்கலாம். அப்படியானால் ஆய்வகப் பொறுப்பாளரிடம் அந்த ஒரு எண்ணுக்கு அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

உள்ளே போனதும் பெயர் கேட்கும். குரல் ஒழுங்காக உச்சரிக்கக்கூடிய, மாணவரின் சொந்தப் பெயருக்குத் தொடர்பில்லாத ஒரு புனைபெயர் வேண்டும். திரைவாசிப்பான் பயன்படுத்துகிறீர்களா என்று சில ஆட்டங்கள் கேட்கும். ‘ஆம்’ என்றால் கோடுகளாலும் புள்ளிகளாலும் வரைந்த படங்களை நிறுத்திவிடும். கேட்காத ஆட்டத்தில் உதவிக் குறிப்பில் அதைத் தேட வேண்டும். நிறுத்தாவிட்டால் ‘கோடு கோடு கோடு நட்சத்திரம்’ என்று குரல் நிமிடக்கணக்கில் படிக்கும். புதியவர்களுக்கென்று பயிற்சிப் பகுதியும், கேள்வி கேட்கத் தனித் தடமும் பெரும்பாலான ஆட்டங்களில் உண்டு. கட்டளைகள் சிறியவை. திசைக்கு அதன் ஆங்கில முதலெழுத்து, சுற்றிப் பார்க்க எல், கையிருப்பை அறிய ஐ. வாயால் ‘வடக்கே போ’ என்று ஆடிய மாணவருக்கு இது இரண்டு நாள் வேலை.

தடை மொழிதான். நான் அறிந்த இணைய மட் ஆட்டங்கள் ஆங்கிலத்தில் உள்ளன, வருணனைகளும் எளியவை அல்ல. எனவே எட்டாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களை அங்கே அனுப்ப வேண்டாம். அவர்களுக்குத் திருமுக்கூடல் போதும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் ஆங்கில ஆசிரியரும் உடன் உட்கார்ந்தால், பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியைப் படிக்கச் சலிக்கும் மாணவர் இங்கே பத்துப் பத்தி கேட்பார். கேட்காவிட்டால் கதவு எந்தப் பக்கம் என்று தெரியாது, வழி கிடைக்காது. தட்டச்சும் தானாக வந்துவிடும். தேர்வில் தம் விடையை இன்னொருவர் கையால் எழுத வேண்டிய நிலையில் உள்ள மாணவருக்கு, தாமே தட்டி ஒரு வாக்கியத்தை முடிப்பது சிறிய செய்தி அல்ல.

இன்னொன்று எச்சரிக்கை. இவை பல நாட்டுப் பெரியவர்கள் ஆடும் இடங்கள். சண்டையும் கொலையும் கதையின் பகுதி, பொது அரட்டையில் வசவும் வரும். ஆசிரியர் முதலில் தாமே ஒரு வாரம் ஆடிப் பார்க்காமல் மாணவரை உள்ளே விடக் கூடாது. வயது வரம்பைப் படிக்க வேண்டும், பெற்றோரிடம் சொல்ல வேண்டும். ஊர், பள்ளி, தொலைபேசி எண், கடவுச்சொல் ஆகியவற்றை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. பாவமாகப் பேசிப் பொருளை இலவசமாகக் கொடுப்பவரிடமும் சொல்லக் கூடாது. அரட்டைத் தடங்களை மூடும் கட்டளையை முதல் நாளே கற்றுக்கொடுங்கள். நேரத்துக்கும் அளவு வையுங்கள். பார்வையுள்ள பிள்ளை கைபேசியில் மூழ்குவது போலவே இவரும் மூழ்கக்கூடும்.

மேல்நிலை வகுப்பு உள்ள பள்ளியில் இன்னொரு வழியும் உண்டு. கணினி அறிவியலில் பைத்தான் படிக்கும் மாணவர்களிடம் உங்கள் எட்டு அட்டைகளைக் கொடுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் வருணனை, வழிகள், பொருள்கள் என்று எழுதிவைக்க அவர்கள் பாடத்தில் வரும் அகராதி அமைப்பே போதும். பைத்தான் தமிழ் எழுத்தைத் தயங்காமல் ஏற்கும். ‘வடக்கு’ என்று தமிழில் தட்டினால் தமிழில் பதில் சொல்லும் திருமுக்கூடல் ஒன்று உங்கள் பள்ளியிலேயே உருவாகிவிடும். பார்வையற்ற மாணவரே அதன் முதல் சோதனையாளராக இருக்கட்டும். எந்த வருணனை குழப்புகிறது, எந்த வழி விடுபட்டிருக்கிறது என்று அவர்தான் சரியாகச் சொல்வார். பலர் சேர்ந்து ஆடும்படி அதை வளர்ப்பது கொஞ்சம் பெரிய வேலை. அதுவரைக்கும் கோடை விடுமுறையில் மாணவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே தொலைபேசிக் கூட்டழைப்பில் சேர்ந்து ஆடலாம். அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு கணினியாக இருக்கும் வேலையை, இந்த முறை அந்த மாணவரிடமே பிரெய்ல் அட்டைகளாகக் கொடுத்துவிடுங்கள்.